தாடை மூட்டு நோவுக்கு மீளாக்கச் சிகிச்சை ஏற்றதா?



காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னே சுட்டுவிரலை மெல்ல வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலின் கீழே ஏதோ ஒன்று முன்புறமாக நழுவிச் சென்று, பின்னர் தன் குழிக்குள் மீண்டு வந்து அமர்வது புலப்படும். அதுவே தாடை மூட்டு. வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு மூட்டுகள் உள. ஆயினும் கீழ்த்தாடை என்பது ஒரே என்பாதலின், ஒரு மூட்டு அசையும்போது மற்றது சும்மா இருத்தல் இயலாது. ஒரு பக்கத்து மூட்டு நோயுற்றால் மறுபக்கத்து மூட்டும் அதன் சுமையைச் சேர்த்துத் தாங்க நேர்கின்றது.

முழங்கை கதவுக் கீலைப் போல மடங்கி நிமிர்வது. தாடை மூட்டோ முதலிற் கீலைப் போலச் சுழன்று, வாய் மேலும் திறக்கும்பொழுது முன்னோக்கி வழுக்கியும் செல்வது. இவ்விரு தொழிலும் இடறின்றி நடைபெறும் பொருட்டு, மண்டையோட்டின் குழிக்கும் தாடை என்பின் குமிழுக்கும் இடையே மெல்லிய வில்லை ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வில்லை சிறிது இடம் பெயர்ந்துவிட்டால், வாயைத் திறக்கும்போது 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும். ஓசை கேட்ட மாத்திரத்தில் அஞ்சுவோர் பலர். நோவில்லாத வெறும் ஓசை நம்மிடையே மிகப் பலருக்கு உண்டு. அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டுவதில்லை என்பதே வைத்தியர்களின் முடிபு.

இனி, இம்மூட்டில் நோவு கண்டவர்களுக்கு 'மீளாக்கச் சிகிச்சை' என்னும் புதிய பெயர் ஒன்று அண்மைக் காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. தேய்ந்துபோன இழையத்தைத் திரும்ப வளரச் செய்வோம், அறுவையின்றி மூட்டைப் புதிதாக்குவோம் என்னும் விளம்பரங்கள் கைத்தொலைபேசி வழியே நமது லயத்து வாசல்வரை வந்துவிட்டன. நான் வைத்தியம் பயின்றவன் அல்லேன். கலைத்துறைப் பட்டம் பெற்று, அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணி செய்பவன். எனினும் வைத்தியசாலைத் துண்டு வந்தாலும் வங்கிக் கடிதம் வந்தாலும், அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து ஆசிரியரிடம் காட்டிப் பொருள் கேட்பது மலையகத்தில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கின்படியே இச்சிகிச்சையின் விலைப்பட்டியல் ஒன்றும் என் மேசைக்கு வந்தது. அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்வேன். முதலில் இச்சிகிச்சை யாதெனக் காண்போம்.

இப்பெயரின் கீழ் அடங்குவன பெரும்பாலும் மூன்று. முதலாவது, நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்தே ஆக்கப்படுவது. கையிலிருந்து சிறிதளவு குருதியை எடுத்து, மையநீக்கி யந்திரத்தில் இட்டுச் சுழற்றுவர். செங்கலங்கள் கனமுடையவையாதலின் கீழே தங்கும். குருதிச் சிறுதட்டுக்கள் மிகுந்த மஞ்சள் நிறத் திரவம் மேலே பிரியும். அத்திரவத்தை மூட்டினுள் ஊசியாற் செலுத்துவர். சிறுதட்டுக்கள் என்பன, கத்தி பட்ட விரலிற் குருதி உறைய உதவும் நுண்ணிய துணுக்குகள். நல்ல உடல்நிலையில் ஒரு கன மில்லிமீற்றர்க் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். காயம் ஆறுவதற்குத் துணைசெய்யும் பொருள்கள் சில அவற்றினின்று வெளிப்படுகின்றன. 1998ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வாய், முக அறுவைச் சிகிச்சை வல்லுநராகிய ரொபர்ட் மார்க்ஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் தாடையில் என்பு ஒட்டும் சிகிச்சையில் இதனைப் பயன்படுத்திக் கண்ட பயனை வெளியிட்டனர். அதன் பின்னரே இம்முறை பெரிதும் பரவலாயிற்று.

இரண்டாவது, செறிவான சீனிக் கரைசலை மூட்டைச் சூழ்ந்த பிணிப்புகளிற் செலுத்துவது. சிறிய அளவில் எரிச்சலை உண்டாக்கி, அதன் விளைவாகத் தளர்ந்த பிணிப்பு இறுகும் என்பது இதன் தத்துவம். எரிச்சலூட்டும் மருந்தைச் செலுத்தித் தளர்ந்த தாடை மூட்டை இறுக்கும் முயற்சி புதியதன்று. 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஷுல்ட்ஸ் என்பவர், அடிக்கடி நழுவும் தாடை மூட்டுக்கு வேறொரு மருந்தைக்கொண்டு இதனைச் செய்து எழுதியிருக்கின்றார். புதிய பெட்டியில் பழைய பொருளும் விற்கப்படுவதுண்டு.

மூன்றாவதே மிகுந்த ஆரவாரத்துடன் பேசப்படுவது. என்பு மச்சையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுக்கப்பட்ட மூலக்கலங்களைச் செலுத்துதல் அது. மூலக்கலம் என்பது வேறு பல கலங்களாக மாறவல்ல தாய்க்கலம். அதை மூட்டுக்குள் விட்டால் அது கசியிழையமாக மாறி வளரும் என்று நம்பச் சொல்கின்றனர். மூட்டுக் கசியிழையத்தைக் கலங்களைக்கொண்டு வளர்க்கும் முயற்சி வெறுங் கற்பனை அன்று. சுவீடன் நாட்டு வைத்தியர்கள் முழங்காலிலிருந்து கசியிழையக் கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து, அம்முழங்காலிலேயே திரும்ப வைத்த செய்தியை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வழியில் வந்த ஒரு முறைக்கு அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிருவாகம் 2016ஆம் ஆண்டில் அனுமதியும் வழங்கியது. ஆயின் அந்த அனுமதி முழங்காலுக்கு வழங்கப்பட்டது, தாடைக்கன்று. இரண்டின் கசியிழையமும் ஒரே தன்மையனவும் அல்ல. முழங்காலிலுள்ளது கண்ணாடிபோல் வழுவழுப்பானது. தாடை மூட்டின் மேற்பரப்பிலுள்ளதோ நார் மிகுந்தது. முழங்காலுக்குக் கண்ட பயனைத் தாடைக்கும் அப்படியே எண்ணுதல், தேயிலைக்குப் போட்ட உரத்தை மரக்கறிப் பாத்திக்கும் அதே அளவிற் போடுவதை ஒக்கும்.

இங்கே ஓர் உண்மையைக் குறிப்பிடுதல் வேண்டும். தாடை மூட்டின் என்புக் குமிழ் தன்மேல் வரும் சுமைக்கு ஏற்பத் தன் வடிவத்தை வாழ்நாள் முழுதும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. எக்ஸ் கதிர்ப் படத்திலே குமிழ் தட்டையாகத் தோன்றும் ஒருவருக்கு நோவு சிறிதும் இல்லாதிருக்கலாம். படத்திற் குறையொன்றுமில்லாத மற்றொருவர் நோவால் துடிக்கலாம். படத்தைக் காட்டி, 'தேய்ந்துவிட்டது, பாருங்கள்' என்று சொல்வது எளிது. தேய்வுதான் நோவுக்குக் காரணம் என்று நிறுவுவது வேறு காரியம்.

ஆகவே, ஊசி ஏற்றதா என்னும் கேள்விக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நோவு மூட்டிலிருந்துதான் வருகின்றதா?

தாடைப்புற நோவுகளிற் பெரும் பகுதி மூட்டினுடையதன்று, மெல்லும் தசைகளினுடையது. இரவிற் பல்லைக் கடிப்போர், கவலையிற் பல்லை இறுக்கிக்கொண்டே வேலை செய்வோர், நாள்முழுதும் உரத்த குரலிற் பேசுவோர் ஆகியோருக்குத் தசைகள் களைத்து நோவெடுக்கின்றன. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் தாங்கி மலைச் சரிவிலே நாள்தோறும் ஏறி இறங்கும் நமது தாய்மாரின் கழுத்துத் தசைகள் எவ்வளவு இறுகிக் கிடக்கும் என்பதை நாமறிவோம். கழுத்துத் தசைகளும் தாடைத் தசைகளும் கூடித் தொழில் செய்பவை. ஒன்றின் நோவு மற்றொன்றில் உணரப்படுதல் உண்டு. தசை நோவுக்கு மூட்டினுள் ஊசி போடுவதனால் வரும் பயன் என்ன?

இன்னும் சில நோவுகள் தாடையிலே தோன்றினும் தாடைக்கு உரியனவல்ல. ஞானப்பல் முளைக்கும் இடத்துச் சீழ், காதின் அழற்சி ஆகியவை அவ்வகையின. இவற்றினும் கொடியது ஒன்று. மேட்டிலே ஏறும்பொழுது தாடை நோவெடுத்து, நின்று இளைப்பாறியதும் அது தணிந்துவிடுமாயின், அது இருதயத்தின் குரலாக இருக்கக்கூடும். அதிற் சிறிதும் தாமதம் கூடாது. நெஞ்சு நோவு இல்லை என்பதனால் இருதய நோயும் இல்லை என்று நினைத்துவிடல் ஆகாது. பெண்களிடத்து இது தாடை நோவாகவோ முதுகு நோவாகவோ வெளிப்படுவதுண்டு. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தலைநோவும், மெல்லும்போது தாடை சோர்ந்து நோவும், பார்வை மங்கலும் சேர்ந்து வருமாயின் அதுவும் அன்றைக்கன்றே வைத்தியசாலை செல்லவேண்டிய நிலையாகும். கண் பார்வையைப் பறிக்கவல்ல குருதிக்குழாய் அழற்சி ஒன்று அவ்வாறு தோன்றும்.

மலைநாட்டு நேயர்களுக்கு நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது வெற்றிலைப் பையைப் பற்றியது. வாயைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும் தோட்டத்து மக்களிற் பலருக்கு மூட்டு நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது கன்னத்தின் உட்புறம். நாள்தோறும் பாக்கை மென்று அடக்கிவைப்பதனால், வாயின் உட்தோலுக்குக் கீழே நார் போன்ற இழையம் படிந்து இறுகுகின்றது. முதலிலே மிளகாய்க் காரம் பட்டால் எரிச்சல். பின்னர்க் கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்குபோல் ஆதல். அதன்பின் வாய் சிறுகச் சிறுகத் திறவாது போதல். கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் எழுதினார். மறு ஆண்டிலேயே பம்பாயில் ஜோஷி என்பவர் இதனை விரித்துரைத்தார். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருக்கின்றது. புகையிலை சேராத பாக்குக்கும் இது பொருந்தும். நார் படிந்த அவ்வாயிலே புற்று தோன்றும் அபாயம் உண்டு. நமது நாட்டு ஆண்களிடத்து நெடுங்காலமாக முதலிடத்தில் நிற்பவை வாய், உதடு, தொண்டை ஆகியவற்றின் புற்றுநோய்களே.

இத்தகைய ஒருவர், தமது வாய் திறவாமைக்கு மூட்டுத் தேய்வு காரணம் என்று எண்ணி, ஊசிகளிற் பணத்தையும் மாதங்களையும் செலவிடுவாராயின் நேரக்கூடிய இழப்பு பணத்தோடு நின்றுவிடாது. ஆகவே நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன் மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு நாற்பது மில்லிமீற்றர் அளவு வாய் திறத்தல் இயல்பு. தம்முடைய மூன்று விரல் நுழைதல் அதற்கு நாட்டு அளவுகோல். நுழையாவிடின், அல்லது மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ சிவந்த படையோ வாயில் இருப்பின், மூட்டைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். 1980களின் தொடக்கத்தில் நமது நாட்டிலே ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்து, புற்றுக்கு முந்திய நிலையிலேயே நோயைக் கண்டறியலாம் என்று பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவர்தம் குழுவினரும் காட்டினர். அவ்வாய்வு 1984இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. பிற நாட்டார் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஓர் ஆய்வு நம் மண்ணிலே நடந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

நோவு மூட்டினதா, தசையினதா, வேறொன்றினதா என்று பிரித்தறிவதற்கு இன்று உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட நியதிகள் உள. 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அந்நியதிகளின்படி, வைத்தியர் நோவின் வரலாற்றைக் கேட்பார். வாய் திறக்கும் அளவைக் கோலால் அளப்பார். குறித்த இடங்களிற் குறித்த அளவு அழுத்திப் பார்த்து, 'உமக்குப் பழக்கமான அந்த நோவு இதுதானா?' என்று வினவுவார். வேண்டுமாயின் மட்டுமே காந்த அதிர்வுப் படம் எடுக்கச் சொல்வார். விலையுயர்ந்த யந்திரத்தைக் காட்டிலும் பொறுமையான விரல் இங்கே பெரிது. மூட்டுவாதம் உடல் முழுதும் உள்ள ஒருவருக்குத் தாடையிலும் அது வரலாமாதலின் குருதிப் பரிசோதனையும் சிலருக்கு வேண்டும்.

முன்னர்க் குறித்த விலைப்பட்டியலுக்கு வருகின்றேன். அதைக் கொண்டுவந்தவர் கொழுந்து பறிக்கும் ஒரு தாயார். அவருடைய மகள் இருபத்துநான்கு வயதுப் பெண். கடையொன்றில் வேலை செய்பவள். ஐந்து மாதமாகத் தாடை நோவு. மூன்று ஊசிகள் போடவேண்டும் என்று எழுதியிருந்தது, தொகையும் எழுதியிருந்தது, நோயின் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. "பெரிய சார், இருக்கிற நகையை அடகு வைத்தாவது இதைச் செய்துவிடலாமா? அந்தப் பக்கத்து டிவிசனில் ஒருத்திக்குச் சுகமாயிருக்கிறதாமே!" என்றார்.

ஒருத்திக்குச் சுகமானது என்பது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அது எதைக் காட்டுகின்றது என்பதே வினா. ஆசிரியத் தொழிலில் இதற்கு நல்லதோர் உவமை உண்டு. தவணைப் பரீட்சையில் ஒரு மாணவன் என்றுமில்லாதவாறு மிகக் குறைந்த புள்ளி பெறுகின்றான். பெற்றோர் அஞ்சிப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புகின்றனர். அடுத்த தவணையிற் புள்ளி உயர்கின்றது. பெருமை யாருக்கு? வகுப்பு நடத்தியவருக்கு. ஆனால் அவ்வாறு வழமையிலும் தாழ்ந்து விழுந்த மாணவர்களிற் பெரும்பாலோர் எவ்வகுப்புக்கும் செல்லாமலே அடுத்த தவணையில் தம் பழைய நிலைக்கு ஏறிவருவதை நான் முப்பது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். தாடை நோவும் அலை போன்றது, எழும், விழும். அலை உச்சத்தில் நிற்கும்போதுதான் மனிதர் வைத்தியரைத் தேடுகின்றனர். அதன்பின் அது தானே தாழ்ந்தாலும் ஊசிக்கே புகழ் சேர்கின்றது. மேலும் இந்நோய் மிகுதியாகக் காண்பது இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள பெண்களிடத்து. அவர்களிற் பெரும்பாலோருக்கு எளிய சிகிச்சையாலோ அல்லது நாள் செல்லச் செல்லத் தானாகவோ தணிந்துவிடுகின்றது.

இதனாலேயே வைத்திய உலகம் நோயாளரைச் சீட்டுக் குலுக்கி இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்தும் மறு பகுதியினருக்கு வேறு மருந்தும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கின்றது. குருதிச் சிறுதட்டு ஊசியைப் பற்றி அவ்வகை ஆய்வுகள் நடந்துள்ளன. சிலவற்றில் நோவு சில மாதங்களுக்குக் குறைந்திருக்கின்றது. சிலவற்றில் மற்ற ஊசியினும் மேலான பயன் காணப்படவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியன. திரவத்தை ஆக்கும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. ஆகவே ஓரிடத்தில் கண்ட பயனை மற்றோரிடத்தில் எதிர்பார்த்தல் எளிதன்று. நோவு குறைவது ஒன்று. இழையம் மீண்டும் வளர்வது மற்றொன்று. மனிதரின் தாடை மூட்டிலே தேய்ந்த கசியிழையம் இவ்வூசியால் திரும்ப வளர்ந்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று இன்னும் இல்லை. 'மீளாக்கம்' என்ற பெயர் நம்பிக்கையைக் குறிக்கின்றது. நிகழ்ந்துவிட்ட ஒன்றைக் குறிக்கவில்லை.

புதுமையை நம்பி விரைந்தோடிய ஒரு கதை இதே மூட்டைப் பற்றியே உண்டு. அமெரிக்காவில் வைட்டெக் என்னும் நிறுவனம், கெட்டுப்போன வில்லைக்குப் பதிலாக வைப்பதற்கென்று டெஃப்லான் கலந்த செயற்கை வில்லை ஒன்றைச் செய்தது. 1983ஆம் ஆண்டில் அதனை விற்க அனுமதியும் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அதனை வைத்துக்கொண்டனர். முதலில் நலமாகவே தோன்றிற்று. மெல்லும்போது ஏற்படும் உராய்வால் வில்லை நுண்துகள்களாக உதிரலாயிற்று. உதிர்ந்த துகள்களைப் பகையெனக் கருதி உடல் போர் தொடுத்தது. அப்போரில் அரிக்கப்பட்டது நோயாளியின் சொந்த என்பே. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளமே துளைபட்டது. 1990ஆம் ஆண்டளவில் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்து அவ்வில்லைகளைத் திரும்பப் பெறச் செய்தது. நோவுக்காகச் சென்றவர்கள் அறுவை மேல் அறுவையாகப் பல ஆண்டு துன்புற்றனர். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அறிவியற் கழகங்கள் தாடை நோய்களைப் பற்றி வெளியிட்ட பெரிய அறிக்கை, இவ்வரலாற்றை நினைவூட்டி, பின்வாங்க முடியாத சிகிச்சைகளில் அவசரப்படவேண்டாம் என்று வைத்தியர்களுக்கே அறிவுறுத்துகின்றது.

ஊசியும் அறுவையும் ஒன்றல்ல என்று கூறுவீர்கள். உண்மையே. சொந்தக் குருதியை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாள் நோவும் வீக்கமுமே காணும். ஆனால் பிறரின் தொப்புள்கொடிக் குருதியிலிருந்து செய்யப்பட்ட பொருள்களை மூட்டிலும் முதுகிலும் ஏற்றிக்கொண்ட பன்னிருவர் கிருமித் தொற்றுக்கு ஆளாகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தியை 2018ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் வெளியிட்டனர். எல்லா ஊசியும் ஒரே ஊசி அல்ல.

அப்படியாயின் நோவுக்கு என்ன செய்வது? மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த தாடை நோவைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, 2023 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு சர்வதேசக் குழுவினர் வழிகாட்டி வெளியிட்டனர். அதில் முன்னிடம் பெற்றவை எவை என்று காணும்போது வியப்புண்டாகும். பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும், தலையையும் கழுத்தையும் செம்மையாக வைத்திருக்கும் பயிற்சியும், கையால் தசையை இளக்குதலும், கவலையும் பல்லிறுக்கமும் நீங்க மனத்தைப் பழக்குதலும், நோயாளிக்கு நோயை விளக்கித் தைரியம் சொல்லுதலும் ஆகியவையே அவை. மூட்டைக் கழுவுதல், கோட்டிசோன் ஊசி, மூட்டு நெய்யைப் போன்ற ஹயலூரோனிக் அமில ஊசி ஆகியவற்றை அக்குழு பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. பல்லை நிரந்தரமாக மாற்றிவிடும் கருவிகளையும் வில்லையை வெட்டியெடுக்கும் அறுவையையும் வேண்டாமென்றே உறுதியாகக் கூறிற்று.

இவற்றை லயத்து வீட்டில் எவ்வாறு செய்வது? கோதுமை மா ரொட்டி நமது நாளாந்த உணவு. இழுத்துக் கடித்து மெல்லவேண்டிய உணவும் அதுவே. நோவுள்ள சில வாரங்களுக்கு அதை விடுத்துச் சோற்றையோ கஞ்சியையோ உண்ணலாம். ரொட்டிதான் உண்டென்றால் கறியில் ஊறவைத்து உண்ணலாம். கொட்டாவி வரும்பொழுது நாடியின் கீழே கையை முட்டுக்கொடுக்கலாம். துணியில் உப்பை முடிந்து சூடாக்கி, பொறுக்கும் சூட்டில் கன்னத்தில் ஒற்றடமிடலாம். நமது பாட்டிமார் அறிந்த முறையே இது. எல்லாவற்றினும் பயன் தருவது செலவே இல்லாத ஒன்று. வாய் சும்மா இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கவேண்டும், பற்கள் சேர்ந்திருக்கக்கூடாது. நாளில் இருபது முறையேனும் இதை நினைவூட்டிக்கொள்ளவேண்டும். கொழுந்துக் கூடையை நிறுவைக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும், 'என் பல் கடித்திருக்கின்றதா?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம். வெற்றிலை பாக்கை விட்டுவிடுதல் மூட்டுக்கும் ஓய்வு, வாய்க்கும் காவல்.

அத்தாயாரின் மகளைப் பேராதனைக்கு அனுப்பிவைத்தோம். நோவு தசையினது என்று அங்கே கண்டு, பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலைக்குப் போய் வருகின்றாள், நகையும் வீட்டிலிருக்கின்றது.

இவ்வளவும் சொன்னதால் இச்சிகிச்சை எவருக்குமே ஆகாது என்று கொள்ளவேண்டாம். வாயை அகலத் திறந்தால் மூட்டு அடிக்கடி கழன்று மாட்டிக்கொள்ளும் நிலையுள்ளோர் சிலருக்குச் சீனிக் கரைசல் ஊசி பயன் தந்ததைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மூட்டுத் தேய்வே நோவுக்குக் காரணம் என்று நன்கு உறுதிசெய்யப்பட்டு, எளிய சிகிச்சைகளை மூன்று முதல் ஆறு மாதம்வரை ஒழுங்காகச் செய்தும் பயன் காணாத ஒருவர், அறுவைக்கு முன்னர்க் குருதிச் சிறுதட்டு ஊசியைப் பற்றி வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரோடு ஆலோசிப்பதில் தவறில்லை. சிறுதட்டுக்கள் குறைந்தோர், குருதி உறையாமைக்கு மருந்து உண்போர், ஊசி போடும் இடத்திற் சீழோ கட்டியோ உள்ளோர் ஆகியோர் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மூலக்கல ஊசியோ இன்னும் ஆய்வு நிலையிலே உள்ளது. ஆய்வெனில் அதில் சேர்பவரிடம் பெருந்தொகை கேட்பது வழக்கமன்று; பணம் வாங்கிக்கொண்டு ஆய்வு என்று சொல்வாராயின் ஐயுறுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006ஆம் ஆண்டு முதல் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு ஒன்றை நடத்தி வருகின்றது. உண்மையான ஆய்வெனில் அதன் பதிவிலக்கத்தைக் கேட்டறியலாம். வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவில் உண்டா என்பதையும் அறியலாம்.

சென்னைக்கோ மதுரைக்கோ உறவினரை நம்பிச் செல்வோர்க்கும் ஒரு சொல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட மூலக்கல வழிகாட்டியின்படி, குருதி நோய் முதலிய சிலவற்றுக்கு ஏற்கப்பட்ட மச்சை மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, மற்றைய நோய்களுக்கு மூலக்கலங்களை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக வழங்குதல் முறையன்று. கடல் கடந்தால் விதி தளரும் என்று எண்ணவேண்டாம்.

ஊசி போடுபவரிடம் கேட்கவேண்டியவை அதிகமில்லை. என் நோயின் பெயர் என்ன, ஊசியில் இருப்பது என்ன, எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையும் என எதிர்பார்க்கின்றீர், குறையாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டு, விடையை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் கையை நீட்டவேண்டாம்.

முதற் பரிசோதனைக்கு, இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையையோ நாடலாம். மேலும் ஆராயவேண்டுமாயின் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை உண்டு. 1943இல் கொழும்பிலே தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1954இல் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. அது நமக்கு வாய்த்த நற்பேறு. நுவரெலியாவிலிருந்து கம்பளை வழியே கண்டிக்குச் செல்லும் பஸ் வண்டியும், அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியே செல்லும் வண்டியும் பேராதனையைக் கடந்தே செல்கின்றன. போகும்போது பழைய படங்களையும் உண்ணும் மருந்துகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நோவு என்று தொடங்கிற்று, எதனால் கூடுகின்றது, எத்தனை விரல் வாய் திறக்கின்றது என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக் கொள்ளுங்கள். எழுத இயலாதவர் பாடசாலைக்கு வந்தால் நாங்கள் எழுதித் தருவோம்.